மூலநிரலைக் கம்பைல் பண்ணுவதா, தயார்ப் பொதியைப் போடுவதா? இசைக்குறியீட்டு மென்பொருள் தேடும் கொழும்புக்காரருக்கு

மியூஸ்கோர், லிலிபொண்ட் என்ற இசைக்குறியீட்டு மென்பொருள்களை மூலநிரலில் இருந்து நாமே கம்பைல் பண்ணிப் போட்டால், அதாவது ஆட்கள் எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு நாமே மாற்றிப் போட்டால், வேகமாக ஓடும், புதிய பதிப்பு கிடைக்கும், தமிழ் எழுத்து ஒழுங்காக விழும் என்று ஒரு நம்பிக்கை கொழும்பில் கணினியோடு புழங்கும் பிள்ளைகளிடம் இருக்கிறது. மூன்றில் ஒன்றுதான் உண்மை. அந்த ஒன்றுக்கும் குறுக்குவழி உண்டு. ஆனாலும் கம்பைல் பண்ணியே ஆகவேண்டிய ஆட்கள் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். யார் எந்தப் பக்கம் போகலாம் என்று பார்ப்போம்.

மென்பொருளில் இருந்து யோசிக்கத் தொடங்கக் கூடாது என்பது என் கட்சி. அடுத்த வருஷம் இந்தக் கோப்பை யார் திறக்கப் போகிறார்கள்? அதுதான் முதல் கேள்வி. கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பங்கு ஒன்றின் பாடகர் குழாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நத்தார் பாட்டை ஒருவர் தட்டச்சு செய்வார். ஓர்கன் வாசிப்பவர் தன் லாப்டொப்பில் அதைத் திருத்துவார். ஆல்ட்டோ பாடும் பிள்ளை வட்ஸ்அப்பில் வந்த பீடிஎஃப்பைத்தான் பார்ப்பாள். ஒரே கோப்பு நாலு கைக்குப் போகிறது. வெள்ளவத்தையில் வயலின் சொல்லிக்கொடுக்கும் மிஸ்ஸுக்கோ கோப்பைத் திறப்பவர் அவர் ஒருவர்தான். ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தாள் பரீட்சைப் புத்தகம் போலத் துப்புரவாக இருக்க வேண்டும். இந்த இரண்டு பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

மூலநிரல் கையில் இருப்பது ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு ஃபினாலேயின் கதை போதும். 1988 இல் வெளிவந்து இசை அச்சுத் தொழிலில் பெரும் பங்கை வைத்திருந்த, மூலநிரல் வெளியிடப்படாத அந்த மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக அதன் நிறுவனமான மேக்மியூசிக் 2024 ஓகஸ்டில் அறிவித்தது. பல வருஷமாக ஃபினாலேயில் எழுதி வைத்தவர்கள் எல்லோரும் இப்போது ஒவ்வொரு கோப்பையும் மியூசிக் எக்ஸ்எம்எல்லாக, அதாவது மற்ற இசை மென்பொருளும் திறக்கும் வடிவில், வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். திறந்த மூல மென்பொருளை நடத்துபவர்களும் ஒரு நாள் கையை விரிக்கலாம். ஆனால் மூலநிரல் பொதுவில் கிடக்கும். தெரிந்த ஒருவர் அதைப் பத்து வருஷம் கழித்தும் எடுத்து ஓடவைக்கலாம். கம்பைல் பண்ணத் தெரிந்திருப்பதன் முதல் பயன் அதுதான். இன்றைக்கே எல்லோரும் கம்பைல் பண்ண வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை.

இரண்டு மென்பொருள், இரண்டு குணம்

மியூஸ்கோர் 2002 இல் பிறந்தது. லினக்ஸில் ஓடிய மியூஸ் என்ற மிடி சீக்குவென்சரில் (இசையைப் பதிந்து வாசிக்கும் மென்பொருளில்) இருந்து குறியீட்டுப் பகுதியை வெர்னர் ஷ்வேர் தனியாகப் பிரித்தெடுத்து வளர்த்தார். திரையில் ஐந்து கோடு தெரியும், சுரத்தைக் கொண்டுபோய் வைப்பீர்கள், உடனே வாசித்துக் காட்டும். அரை நாளில் பழகிவிடலாம்.

லிலிபொண்ட் அதற்கும் மூத்தது. 1996 இல் ஹான்-வென் நீன்ஹாயஸ், யான் நியூவென்ஹாய்ஸன் என்ற இரு ஒல்லாந்தர் தொடங்கியது, குனு திட்டத்தைச் சேர்ந்தது. இதில் கோடும் இல்லை, சுட்டியும் இல்லை. வெறும் எழுத்துக் கோப்பில் சுரத்தின் பெயரை எழுதி, பக்கத்தில் குரொச்செட்டுக்கு 4, மினிமுக்கு 2, செமிபிரீவுக்கு 1 என்று இலக்கம் போட வேண்டும். மென்பொருள் அதைப் படித்துப் பக்கத்தை அமைத்துப் பீடிஎஃப்பாகத் தரும். கண்ணுக்கு நேரே எதுவும் நடக்காததால் பலர் முதல் நாளே ஓடிவிடுகிறார்கள். ஃபிரெஸ்கோபால்டி என்ற திருத்தியைக் கூடவே போட்டுக்கொண்டால் ஒரு பக்கம் எழுத்தும் மறுபக்கம் தாளும் தெரியும். அது இல்லாமல் லிலிபொண்டை யாருக்கும் சொல்லிக்கொடுக்க நான் போகமாட்டேன். பக்க அழகில் இன்றைக்கும் லிலிபொண்ட்தான் ஒரு படி மேல் என்பது என் அபிப்பிராயம். மியூஸ்கோர் 3.6 இல் லேலண்ட் என்ற புதிய இசை எழுத்துருவோடு வந்த பிறகு அந்த இடைவெளி நன்றாகக் குறைந்துவிட்டது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

டெனிமோவும் ரோஸ்கார்டனும் இருக்கின்றன. முன்னது லிலிபொண்டுக்கு ஒரு முகப்பு, பின்னது அடிப்படையில் சீக்குவென்சர். குறியீடு அச்சிடுவதுதான் நோக்கம் என்றால் இரண்டையும் இங்கே விட்டுவிடலாம்.

தயார்ப் பொதிகள் எல்லாம் ஒன்றல்ல

விண்டோஸில் இருப்பவர்களுக்கு மியூஸ்கோர் என்றால் நிறுவியை இறக்கி இரட்டைச் சொடுக்குப் போடுவதையும், லிலிபொண்ட் என்றால் சுருக்கிய கோப்பை இறக்கி விரிப்பதையும் தவிர வேறு யோசனை தேவையில்லை. விண்டோஸில் இவற்றைக் கம்பைல் பண்ணுவது வீண் சில்லறை வேலை. ஆசை இருந்தால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் துணை அமைப்பைப் போட்டுச் செய்யுங்கள். இனிமேல் சொல்வதெல்லாம் லினக்ஸ்காரருக்கு.

லினக்ஸில் மூன்று வழி. முதலாவது, வினியோகத்தின் (உபுண்டு போன்ற லினக்ஸ் வகையின்) சொந்தக் களஞ்சியம். ஒரு கட்டளையில் வரும், அளவில் சிறியது, கணினியில் ஏற்கெனவே இருக்கும் நூலகங்களையே (பல மென்பொருள்கள் பகிரும் துணை நிரல்களையே) பயன்படுத்தும். சிக்கல் என்னவென்றால் பழசு. உபுண்டு 22.04 இன் களஞ்சியத்தில் வருவது மியூஸ்கோர் 3.2.3. மூன்றாம் வரிசையின் கடைசிப் பதிப்பு 3.6.2, நான்காம் வரிசை 2022 டிசெம்பரிலேயே வந்துவிட்டது. அதாவது களஞ்சியத்தில் இருந்து போட்டவருக்கு மேலே சொன்ன லேலண்ட் எழுத்துருகூடக் கிடைக்காது. லிலிபொண்டில் இந்த இடைவெளி அவ்வளவு உறுத்தாது, அதே 22.04 இல் 2.22 வரிசை வருகிறது, பாடசாலை வேலைக்கு அது தாராளம்.

இரண்டாவது, மியூஸ்கோர் தளத்தில் கிடைக்கும் ஆப்இமேஜ். ஒரே கோப்பு. இறக்கி, ஓட அனுமதி கொடுத்து, சொடுக்கினால் சரி. நிறுவல் என்றே ஒன்று கிடையாது. வேண்டாம் என்றால் அழித்துவிடலாம். பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு வீடு கொண்டுபோகலாம் என்பதால் பாடகர் குழாம் போன்ற இடங்களுக்கு இதைப் போல வாய்ப்பானது வேறில்லை. சொடுக்கியும் ஒன்றும் நடக்கவில்லை என்று வருபவர்களில் பெரும்பாலானோருக்குக் காரணம் ஒன்றே: உபுண்டு 22.04 இல் இருந்து, ஆப்இமேஜ் ஓட வேண்டிய ஃபியூஸ் நூலகத்தின் இரண்டாம் பதிப்பு தானாக வருவதில்லை. அந்தச் சிறு பொதியைப் போட்டதும் ஓடும். லிலிபொண்டும் 2.24 இல் இருந்து இதே போலத்தான்; சுருக்கிய கோப்பை விரித்தால் உள்ளேயே ஓடத் தயாராக இருக்கும், நிறுவ வேண்டியதில்லை.

மூன்றாவது ஃபிளாட்பாக், எல்லா வினியோகங்களுக்கும் பொதுவான பொதி முறை. ஒழுங்காக ஓடும், தானாகப் புதுப்பிக்கும். முதல் தடவை அதற்கு வேண்டிய அடித்தளத்தையும் சேர்த்து இறக்குவதால் டேட்டா கொஞ்சம் கரையும். தானாகப் புதுப்பிப்பது நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். ஒருவர் மட்டும் பாவித்தால் நல்லதுதான். நாலு பேர் பகிரும் கோப்பில் அதுவே வினை.

“தம்பி, போன நத்தாருக்கு அடிச்ச பாட்டு அன்ரியின்ட மெஷினில திறக்குதில்லை. புதுசா இறக்கச் சொல்லுது.” நவம்பர் பிறந்தால் இந்த மாதிரித் தொலைபேசி அழைப்பு எனக்கு வந்தே தீரும். ஒருவர் மியூஸ்கோர் 4 இல் திருத்திச் சேமித்திருப்பார், அன்ரியின் கணினியில் 3 இருக்கும். 4 இல் சேமித்ததை 3 திறக்காது. எதிர்ப்பக்கம், 3 இன் கோப்பை 4 திறக்கும், ஆனால் பக்க அமைப்பை மறுபடி கணக்கிடுவதால் ஒரு தாளில் அடங்கிய பாட்டு இரண்டாம் தாளுக்கு வழிந்துவிடும். இந்தத் தொல்லைக்கு மருந்து புதிய பதிப்போ கம்பைலோ அல்ல. குழாத்தில் எல்லோரும் ஒரே பதிப்பின் ஆப்இமேஜை வைத்திருப்பதும், நத்தார் முடியும்வரை யாரும் அதை மாற்றாமல் இருப்பதும்தான்.

மியூஸ்கோரைக் கம்பைல் பண்ணுவது

இனி கடினமான பக்கம். மியூஸ்கோர் சீ பிளஸ் பிளஸ்ஸில் எழுதப்பட்ட பெரிய மென்பொருள். மூலநிரல் கிடக்கும் கிட்ஹப் தளத்தில் இருந்து கிட் என்ற கருவியால் அதை எடுத்தால், சீமேக் என்ற கருவி அதை ஆராய்ந்து, நிஞ்சா என்ற கருவி கட்டித் தரும், அதாவது கம்பைல் பண்ணித் தரும். எழுத்தில் மூன்று படிதான். ஒவ்வொரு படியிலும் ஒரு பொறி இருக்கிறது.

முதல் படியே டேட்டா. முழு வரலாற்றோடு நகல் எடுத்தால் இருபது வருஷத்து மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து இறங்கும். கிட் பாதியில் அறுந்தால் விட்ட இடத்தில் இருந்து தொடராது, முதலில் இருந்து தொடங்கும். கொழும்பில் சில பக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா கிடைப்பதால் பிள்ளைகள் அதை நம்பி இரவில் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். விடிய எழும்பிப் பார்த்தால் இணைப்பு எப்போதோ விழுந்திருக்கும். பழைய வரலாறு வேண்டாம் என்பதற்குக் கிட்டுக்கு ஆழம் 1 என்று குறிப்பிட்டு, நிலையான ஒரு பதிப்பின் அடையாளத்தை மட்டும் எடுத்தால் இறங்குவது வெகுவாகக் குறையும். வளர்ச்சியில் இருக்கும் முதன்மைக் கிளையை எடுக்க வேண்டாம். அதில் சேமித்த கோப்பை நாளைக்கு நிலையான பதிப்பு திறக்காமல் போகலாம்.

இரண்டாவது பொறி க்யூட். மியூஸ்கோரின் சாளரங்கள், எழுத்து வரைதல் எல்லாம் அந்த நூலகத் தொகுதியில்தான் நிற்கின்றன. 4.4 இல் க்யூட் 5 இல் இருந்து 6 க்கு மாறினார்கள். உங்கள் வினியோகத்தில் உள்ள க்யூட் அவர்கள் எதிர்பார்க்கும் பதிப்பாக இல்லாவிட்டால், கட்டுமானம் முதல் நிமிஷத்திலேயே நின்றுவிடும். அல்லது இதைவிட மோசமாக, முழுக்கக் கட்டி முடித்தபின் ஒரு சாளரம் வெறுமையாகத் திறக்கும். க்யூட்டை அதன் தளத்தில் இருந்து எடுக்க ஒரு கணக்குத் திறக்கச் சொல்வார்கள். கணக்கு வேண்டாம் என்பவர்கள் ஏக்யூடிஇன்ஸ்டோல் என்ற பைத்தன் கருவியால் வேண்டிய பதிப்பை மட்டும் இழுத்துக்கொள்ளலாம். க்யூட்டை மாற்றினால் பழைய கட்டுமான அடைவை அப்படியே அழித்துவிட்டுத் தொடங்குங்கள். சீமேக் முன்பு கண்டுபிடித்த பாதைகளை நினைவில் வைத்துக்கொண்டு பழைய க்யூட்டையே தேடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது ராம். யூனிட்டி பிளாசாவில் வாங்கிய பாவித்த லாப்டொப், 4 ஜிபி ராம், நாலு கோர். 2022 இல் ரூபா விழுந்தபின் புதிது வாங்குவது எட்டாக்கனியானதால் கொழும்பில் பல மாணவர்களின் கையில் இருப்பது இந்த வகைதான். நிஞ்சா கேட்காமலே எல்லாக் கோரையும் பாவிக்கத் தொடங்கும். ஒவ்வொரு கம்பைலர் வேலையும் தனித்தனியாக ராமைப் பிடிக்கும். ராமும் ஸ்வாப்பும் (ராம் போதாதபோது வட்டில் பாவிக்கும் இடம்) தீர்ந்ததும் லினக்ஸின் மையமான கர்னல் தானே ஒரு வேலையைக் கொன்றுவிடும். திரையில் ‘கில்ட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு கட்டுமானம் நிற்கும். இதைப் பார்த்து நிரலில் பிழை என்று நினைத்து இணையமெல்லாம் தேடுகிறார்கள். நிரலில் ஒன்றும் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு வேலை மட்டும் என்று நிஞ்சாவுக்குச் சொல்லி, சில ஜிபி ஸ்வாப்பையும் சேர்த்துவிட்டால் மெதுவாக என்றாலும் முடியும். சித்திரை வெயிலில் மின்விசிறி அலறும். மேசையில் வையுங்கள், மெத்தையில் வேண்டாம்.

நடுவில் மின்சாரம் போனால்? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வெட்டியதைக் கண்டவர்களுக்கு இந்தக் கேள்வி தானாக வரும். கட்டியது வீணாகாது. முடிந்த துண்டுகள் வட்டில் இருக்கும், மறுபடி கட்டளை கொடுத்தால் மிச்சத்தை மட்டும் கட்டும். மின் போன கணத்தில் எழுதிக்கொண்டிருந்த துண்டு மட்டும் அரைகுறையாகவோ வெறுமையாகவோ கிடந்து, கடைசியில் இணைக்கும் கட்டத்தில் விளங்காத பிழையைக் கிளப்பலாம். பிழைச் செய்தியில் எந்தத் துண்டின் பெயர் வருகிறதோ அதை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் போதும். கட்டிய துண்டுகளைச் சேமித்து வைக்கும் சீகாஷ் என்ற கருவியை முதலிலேயே போட்டு வைத்தால், முழு அடைவையும் அழிக்க நேர்ந்தாலும் இரண்டாம் முறை கட்டுவது வெகு சீக்கிரம் முடியும்.

இவ்வளவும் தாண்டி வந்தபின் கையில் இருப்பது என்ன? ஆப்இமேஜில் இருக்கும் அதே மியூஸ்கோர். வேகம்? கட்டும்போது பாவனைக்கான ரிலீஸ் வகை என்று சொல்ல மறந்து, பிழை தேடுவதற்கான டீபக் வகையில் கட்டியிருந்தால் ஆப்இமேஜைவிட மெதுவாக ஓடும். நீண்ட பாட்டில் ஒலி விக்கும். ரிலீஸில் கட்டினாலும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இராது. மியூஸ் சவுண்ட்ஸ் என்று எல்லோரும் புகழும் அந்த வாத்திய ஒலிகள் மூலநிரலில் அடங்காதவை, திறந்த மூலமும் அல்ல. அவை தனியாக இறக்கும் பெரிய பொதிகள். ஆக ‘வேகமாக ஓடும்’ என்ற நம்பிக்கைக்கு மியூஸ்கோரில் இடமே இல்லை.

லிலிபொண்டைக் கம்பைல் பண்ணுவது

கம்பைல் பழக வேண்டும் என்று வரும் பிள்ளைகளை நான் அனுப்புவது இந்தப் பக்கம். மியூஸ்கோரைவிடச் சிறியது, சாளரம் கிடையாது, ராமை இவ்வளவு குடிக்காது. யூனிக்ஸ் உலகின் பழைய முறைப்படியே போகும்: தேவையானவை இருக்கின்றனவா என்று சோதிக்கும் கொன்ஃபிகர், கட்டித் தரும் மேக், அவ்வளவுதான்.

தேவைப் பட்டியல் நீளம், அது உண்மை. நிரலை இயக்கும் ஸ்கீம் மொழிக்குக் கைல், எழுத்து வரைய பாங்கோ, இசை எழுத்துருவை வடிக்க மெட்டாபோஸ்டும் ஃபொண்ட்ஃபோர்ஜும், கையேட்டுக்கு டெக்ஸ்இன்ஃபோ, இவற்றோடு ஃபிளெக்ஸ், பைசன், பைத்தன். ஒவ்வொன்றாகத் தேடிப் போடத் தேவையில்லை. உபுண்டுவில் மூலப் பொதிகளின் வரியைத் திறந்துவிட்டு, லிலிபொண்டைக் கட்ட வேண்டியதெல்லாம் கொண்டுவா என்று, பொதிகளை நிறுவும் ஆப்ட் கருவிக்கு ஒரு கட்டளை கொடுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். மிச்சத்தைக் கொன்ஃபிகர் பெயர் சொல்லிக் கேட்கும். கேட்பதைப் போடுங்கள், மறுபடி ஓட்டுங்கள். அது வாய் மூடும்வரை இதுதான் வேலை. இதில் முக்கியமானது கைலின் பதிப்பு. லிலிபொண்ட் நெடுங்காலம் கைல் 1.8 இலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வினியோகங்கள் அந்தப் பழைய கைலைக் கைவிட்டபோது லிலிபொண்டும் சேர்ந்து அடிபட்டது. 2.24 இல்தான் கைல் 2.2 க்கு முழுதாக மாறினார்கள். ஆகவே இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டி கைல் 1.8 ஐத் தேடச் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

மூல அடைவுக்குள்ளேயே கட்டாமல் தனி அடைவில் கட்டுங்கள். மேக் ஓடும்போது திரையில் எழுத்துருக்கள் ஒவ்வொரு அளவிலும் வடிக்கப்படுவது தெரியும். டிரெபிள் கிளெஃபின் வளைவு முதல் குவேவரின் வால் வரை எல்லாமே கணிதச் சமன்பாடுகளாக எழுதப்பட்டு, அந்த இடத்தில்தான் உருவமாகின்றன. ஆர்வமுள்ள பிள்ளைக்கு மூல அடைவில் அந்தக் கோப்புகளைத் திறந்து காட்டினால் ஒரு பின்னேரம் போவதே தெரியாது. ஆவணத்தையும் கட்டுகிறேன் என்று மட்டும் கிளம்ப வேண்டாம். கையேட்டில் உள்ள ஒவ்வொரு உதாரணத்தையும் அது வரைந்து முடிக்க வேண்டும். பழைய லாப்டொப் அதற்குள் களைத்துவிடும். கையேடு தளத்திலேயே கிடைக்கிறது.

கட்டி முடிந்ததும் நிறுவாமலே வெளியீட்டு அடைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம். அப்போது பலர் திகைப்பது: தளத்தில் இருந்து இறக்கியதைவிடத் தாங்கள் கட்டியது மந்தமாக இருக்கிறது. காரணம் எளிது. அதிகாரபூர்வப் பொதியில் ஸ்கீம் கோப்புகள் முன்கூட்டியே பைட்கோடாக (வேகமாக ஓடும் இடைநிலை வடிவமாக) மாற்றப்பட்டிருக்கும். நாமே கட்டும்போது அதற்கென்று மேக்குக்குத் தனிக் கட்டளை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் அவற்றை வரி வரியாகப் படித்து ஓட்டும். அந்தக் கட்டளையைக் கொடுத்தால் இரண்டும் சமமாகும். முந்தாது.

தமிழுக்காகக் கம்பைல் வேண்டுமா?

வேண்டாம். இதைத்தான் அடித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடப்பதைப் பார்த்தவுடன் எல்லோரும் மென்பொருளைத்தான் குறை சொல்கிறார்கள். மியூஸ்கோருக்கு க்யூட்டும் லிலிபொண்டுக்குப் பாங்கோவும் எழுத்து வரைகின்றன. இரண்டும் ஹாஃப்பஸ் என்ற இயந்திரத்தின் துணையோடு தமிழை ஒழுங்காகக் கோத்துவிடும். பிழை வேறு இடத்தில்.

முதல் இடம் பாமினி, அதாவது யூனிகோடுக்கு முந்திய பழைய முறைத் தமிழ் எழுத்துரு. இலங்கையில் தேவாலயப் பாட்டுப் புத்தகங்களும் கோவில் மலர்களும் பெரும்பாலும் பாமினியில் அடித்தவை. அதைப் பிரதியெடுத்து மியூஸ்கோரில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் விழும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள்.

இரண்டாவது எழுத்துரு. மியூஸ்கோரின் இயல்பான எழுத்துருவான எட்வினில் தமிழ் இல்லை. கணினி தன் கைக்கு அகப்பட்ட தமிழ் எழுத்துருவைப் போட்டு ஒப்பேற்றும். இன்னொரு கணினியில் இன்னொன்று அகப்படும். அகலம் மாறும், சுரங்களின் இடைவெளி மாறும், வரி உடையும். பாடல்வரிக்கான பாணியில் நோட்டோ செரிஃப் தமிழ் என்று ஒன்றைப் பெயர் சொல்லிக் கட்டிவைத்து, அதை எல்லோருடைய கணினியிலும் போட்டுவிட்டால் தீர்ந்தது. லிலிபொண்டிலும் பாடல்வரியின் எழுத்துருவை ஒரே வரியில் மாற்றலாம்.

மூன்றாவது தட்டச்சு. ஆப்இமேஜ் தன் க்யூட்டைத் தானே சுமந்து வருவதால், உங்கள் கணினியின் தமிழ் உள்ளீட்டு முறையோடு பேசும் இணைப்பு அதற்குள் இல்லாமல் போகலாம். அப்போது எவ்வளவு தட்டினாலும் ஆங்கிலமே வரும். களஞ்சியப் பொதிக்கும் நீங்களே கட்டியதற்கும் இந்தக் குறை பொதுவாக இராது. ஆரம்பத்தில் சொன்ன மூன்றில் ஒன்று உண்மை என்றது இதைத்தான். குறுக்குவழி: சாதாரணத் திருத்தியில் வரியை அசை அசையாக, நடுவில் சிறுகோடு போட்டு அடித்து, பிரதியெடுத்து, மியூஸ்கோரில் முதல் சுரத்தின் கீழ் ஒட்டுங்கள். ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் ஓர் அசை விழுந்து அடுத்த சுரத்துக்குத் தானே நகரும்.

கர்நாடக சங்கீதக்காரருக்கு ஒரு தனிச் சொல். ச ரி க ம என்றே அடித்தால் ஐந்து கோட்டில் சுரம் விழ வேண்டும், அதற்காக மூலநிரலைத் திருத்த வேண்டுமா என்று கேட்கிறார்கள். லிலிபொண்டில் தேவையே இல்லை. சுரப் பெயர்களின் அட்டவணையைக் கோப்பின் தலையில் நாமே ஸ்கீமில் எழுதிக் கொடுக்கலாம், பெயர்கள் தமிழ் எழுத்திலேயே இருக்கலாம். ஒரே ஒரு சிக்கல்: ரி1, ரி2 என்று நாம் பழகிய முறை இங்கே செல்லாது. பெயருக்குப் பின்னால் வரும் இலக்கத்தை லிலிபொண்ட் கால அளவாகவே எடுக்கும். ரி1 என்றால் அதற்கு ஒரு செமிபிரீவ் நீளத்து ரி. ஆகவே சுத்த ரிஷபத்துக்கு ரி, சதுஸ்ருதிக்கு ரீ என்று எழுத்தால் பிரித்துக்கொள்ள வேண்டும். கமகத்தை இரண்டு மென்பொருளும் தராது. அதைக் கம்பைல் பண்ணியும் வரவழைக்க முடியாது.

சரி, யார்தான் கம்பைல் பண்ணுவது?

மியூஸ்கோரில் ஒரு பிழையைக் கண்டு, அதைத் தானே திருத்தி அனுப்ப நினைக்கும் கணினி மாணவர். அவருக்கு வேறு வழியில்லை. மேலே சொன்ன ராம் கதையெல்லாம் அவர் கட்டும் விலை. 8 ஜிபிக்குக் கீழே என்றால் முதலில் ராமைக் கூட்டுங்கள் என்பேன். மெனுக்களைத் தமிழாக்க மட்டும் விரும்புகிறவருக்குக் கம்பைல் தேவையில்லை, மொழிபெயர்ப்பு டிரான்ஸிஃபெக்ஸ் தளத்தில் நடக்கிறது.

ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் கணினியோ 32 பிட் பழைய கணினியோ வைத்திருப்பவர். 32 பிட் பழைய கணினியில் மியூஸ்கோர் 4 பற்றிப் பேச்சே இல்லை. லிலிபொண்ட் 2.24 இன் அதிகாரபூர்வ லினக்ஸ் பொதியும் சாதாரண 64 பிட் இன்டெல், ஏஎம்டி வகைக்குத்தான். ஆனால் லிலிபொண்டின் மூலநிரலை இந்தக் கணினிகளிலும் கட்டலாம். களஞ்சியத்தில் கிடைக்கும் பதிப்பு போதும் என்றால் அதையே போடுங்கள், போதாதபோது மட்டும் கட்டுங்கள்.

பாடகர் குழாத்துக்கு மியூஸ்கோர் ஆப்இமேஜ், எல்லோருக்கும் ஒரே பதிப்பு, பாட்டு முடிந்ததும் மியூசிக் எக்ஸ்எம்எல்லும் பீடிஎஃப்பும் சேர்த்துச் சேமிப்பு. வயலின் மிஸ்ஸுக்கு என் தெரிவு ஃபிரெஸ்கோபால்டியோடு லிலிபொண்ட், விரித்தவுடன் ஓடும் பொதியாக. முதல் இரண்டு கிழமை திட்டுவார், பிறகு பழைய பாடங்களைத் திருத்தி அச்சிடும்போது விட்டுவிடமாட்டார். எழுத்துக் கோப்பு என்பதால் இருபது வருஷத்துக்குப் பிறகும் எந்தத் திருத்தியிலும் திறக்கும், பழைய தொடரமைப்பைப் புதியதாக மாற்ற லிலிபொண்டே ஒரு கருவியும் தருகிறது.

கட்டுகிறவருக்கு ஒன்று. நிறுவு என்ற கடைசிக் கட்டளையை நிர்வாகி உரிமையோடு அப்படியே கொடுத்தால் கோப்புகள் கணினியின் பொது அடைவுகளில் சிதறிப்போகும். களஞ்சியத்தில் இருந்து போட்ட பிரதியும் இருந்தால், எதைத் திறக்கிறோம் என்றே தெரியாமல் போகும். கொன்ஃபிகரிலோ சீமேக்கிலோ முதலிலேயே உங்கள் வீட்டு அடைவுக்குள் ஓர் இடத்தை முன்னொட்டாகக் கொடுங்கள், அடைவின் பெயரிலேயே பதிப்பு இலக்கத்தையும் வையுங்கள். வேண்டாம் என்றால் அந்த ஓர் அடைவை அழித்தால் போதும், கணினியில் வேறெதையும் தொட வேண்டியதில்லை.